சிவப்புக் கொக்கு எரிந்த மாலை

ஆள் கருகியிருந்தார்.

கம்பி கருகவில்லை.

கம்பியால் வளைத்த ஒரு பெரிய கொக்கு, இரண்டு ஆள் உயரத்தில், சிறகை விரித்தபடி நின்றது. அதில் ஒட்டியிருந்த சிவப்பு இறகுகளும் ஸ்பொஞ்சும் மினுக்குத் துணியும் ஒன்றுகூட மிஞ்சவில்லை. கொக்கின் வயிற்றுக்கு நேரே, தோளிலும் இடுப்பிலும் பட்டி மாட்டியபடி...

சீனித்தம்பி!

மட்டக்களப்பில் பிறந்து, கனடாவின் ஸ்காபரோவில் ஒரு தொழிற்சாலைக் கூடத்தில் முடிந்துபோன மனிதர்.

கரீபியன் தீவுக்காரர் வருடாவருடம் ஆடிப்பாடி நடத்தும் கரிபானா ஊர்வலத்துக்கு உடுப்புச் செய்யும் கூடம் அது. உடுப்பு என்றால் சட்டை, பாவாடை என்று நினைத்துவிடாதீர்கள். கோயில் சப்பறத்தில் பாதியை ஒரு பெண்ணின் முதுகில் கட்டி, கீழே சில்லுப் பூட்டி, ஆடு என்று தெருவில் விடுவார்கள். அதைச் சுமக்கிறவள்தான் அந்தக் குழுவின் ராணி. வியாழக்கிழமை ராணிகளுக்குப் போட்டி. சனிக்கிழமை ஊர்வலம்.

செவ்வாய்க்கிழமை மாலை தீ.

புதன் காலை டிடெக்டிவ் ஜுனைட் கொக்குக்கு முன்னால் நின்றான். பக்கத்தில் கொன்ஸ்டபிள் நிஷாந்தி. பொலிஸில் தமிழ் தெரிந்தவர்களைக் காண்பதே அபூர்வம். இருந்த இரண்டு பேரையும் ஒரே காரில் ஏற்றி அனுப்பியிருந்தார்கள்.

"பிரேதத்தைக் கொண்டுபோகலாமா சேர்?"

"பொறு. அந்தப் பட்டியைப் பாத்தனியா?"

"பாத்தன். கொளுக்கி எல்லாம் பின்பக்கம்."

"உன்னால தனிய மாட்டேலுமா?"

நிஷாந்தி கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்ப் பார்த்தாள். எட்டவில்லை.

"ஏலாது. கழட்டவும் ஏலாது."

"அப்ப ஆரோ மாட்டி விட்டிருக்கினம்."

"மாட்டின ஆள் கழட்டேல்லை சேர்..."

ஜுனைட் கொக்கை ஒருமுறை சுற்றிவந்து வாசலுக்கு நடந்தான்.

குழுவின் தலைவி பேர்ணடெற் வாசலில் ஒரு வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்திருந்தாள். திரினிடாட்காரி. பருத்த உடம்பு, சிவந்த கண்கள். அவள் ஆங்கிலத்தில் சொன்னதைத் தமிழில் தருகிறேன்.

"ராணிக்கு நேற்று வேலை. அவள் வராத நாளில் சீனி தன்மேல் மாட்டிக்கொண்டு பாரம் பார்ப்பான். ஒரு பக்கம் சரிந்தால் பிள்ளையின் இடுப்பு உடைந்துவிடும் என்பான்."

"யாரும் சத்தம் கேட்கவில்லையா?"

"பக்கத்துக் கூடத்தில் ஸ்ரீல் பான் என்ற தகர மேள ஒத்திகை. நானும் அங்கேதான் நின்றேன்." அவள் முகத்தைப் பொத்தினாள். "அவன் அலறியிருப்பான். நான் தாளத்துக்குக் கை தட்டிக்கொண்டிருந்தேன்."

"அவருக்கு எதிரி என்று யாராவது?"

"அன்புராசா. இரண்டு பேரும் சேர்ந்துதான் கம்பி வளைத்தார்கள். போன வருடம் அவன் வேறு குழுவுக்குப் போய்விட்டான். இந்தப் படியை இனி மிதிக்காதே என்று எல்லோருக்கும் முன்னால் சீனி சொன்னான். நேற்று மிதித்திருக்கிறான்."

அன்புராசா ஏற்கெனவே பொலிஸ் காவலில் இருந்தான். தீயணைப்புக்காரர் வந்தபோது பின்வாசலில் விழுந்து கிடந்தவன் அவன்தான். இரண்டு கையும் வெந்திருந்தன. ஏன் வந்தாய் என்று கேட்டதற்கு வாயைத் திறக்கவில்லை.

பழைய பகை. வெந்த கை. வாய் திறக்காத ஆள். மேலிடத்துக்கு இது போதும். கொலை வழக்கு என்று பின்னேரத்துக்குள் எழுதி முடித்துவிடத் துடித்தார்கள்.

ஜுனைட்டுக்குப் போதவில்லை.

பின்வாசலுக்கு வெளியே, வேலி ஓரத்தில், இரண்டு கோப்பிக் கப்கள் விழுந்து கிடந்தன. இரண்டிலும் மூடி இறுக்கமாக இருந்தது. ஒரு வாய் கூடக் குடிக்கப்படவில்லை.

"நிஷாந்தி, ஒராளை எரிக்கப் போறவன் அவருக்கும் சேத்துக் கோப்பி வாங்கிக்கொண்டு வருவானா?"

---

ஆஸ்பத்திரியில் அன்புராசாவின் இரண்டு கைகளும் துணிப் பொட்டலங்களாகக் கிடந்தன. முப்பத்தைந்து வயதிருக்கும். சவரம் செய்யாத முகம். வாசலில் ஒரு பொலிஸ்காரன் காவல் நின்றான்.

ஜுனைட் கதிரையை இழுத்துப் போட்டான்.

"தமிழில கதைப்பம். நான் ஜுனைட். அக்கரைப்பற்று."

"நான்தான் அண்ணை செய்தன்."

பேர் சொல்லி முடிவதற்குள் வாக்குமூலம்! பன்னிரண்டு வருடச் சேவையில் ஜுனைட் இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை.

"என்ன செய்தனீர்?"

"சிகரெட். பத்திப்போட்டுப் பின்வாசல்ல எறிஞ்சன். உள்ளுக்க பசை பூசி வச்சிருந்திருக்கினம். பிடிச்சிட்டுது. வேணுமெண்டு செய்யேல்லை."

"என்ன சிகரெட்?"

"சிகரெட்தான்."

"பேர் ஒண்டு இருக்குமே."

"வெள்ளைப் பெட்டி."

"பெட்டி எங்க? உம்மட பொக்கற்றில இல்லை. காரிலயும் இல்லை."

"எரிஞ்சிருக்கும்."

"சரி. கையில இரண்டு கோப்பி. வலக்கையில ஒண்டு, இடக்கையில ஒண்டு. சிகரெட்டை எந்தக் கையால பத்தினனீர்?"

அன்புராசா கூரையைப் பார்த்தான்.

"உம்மட மனுசி பிள்ளை?"

"கொழும்பில. விசாக்கு நிக்கினம்."

"அந்த மனுசன் பட்டிக்குள்ள மாட்டுப்பட்டு நிண்டவர். நீர் மாட்டி விட்டுட்டு நெருப்பு வச்சனீர் எண்டுதான் எழுதப் போறாங்கள். அது விபத்தில்லை, கொலை. நீர் உள்ளுக்க. உம்மட குடும்பம் கொழும்பிலயே கிடக்கும். விளங்குதா?"

"விளங்குது."

"பிறகும் நீர்தானா?"

"நான்தான்."

கண்ணீர் அவன் காதுக்குள் இறங்கியது. துடைக்க அவனிடம் கை இல்லை. ஜுனைட்தான் துடைத்துவிட்டான்.

அவன் யாரையோ மறைக்கிறான்... யாரை?

---

மத்தியானம் நிஷாந்தி போனில் கூப்பிட்டாள்.

"சேர், தீயணைப்புப் பைப் அடிச்ச தண்ணியில எல்லாம் வேலிக்கரைக்குப் போயிருக்கு. அங்க ஒரு அலுமினியத் தட்டு. கேக் வாங்கேக்க தருவாங்களே, அது. ஆரோ லன்ச் சாப்பிட்டிருக்கினம்."

"என்ன லன்ச்?"

"பாதி தேசிக்காய். கருகின செத்தல் மிளகாய். பிறகு ஏதோ கறுப்பா ஒட்டிக் கிடக்கு."

ஜுனைட் காரை ஓரத்தில் நிறுத்தினான்.

"செத்தல் மிளகாயும் தேசிக்காயும் ஆர் பிள்ளை லன்ச் சாப்பிடுறது?"

"எனக்கென்ன தெரியும்? நான் ஏழு வயசில வந்தனான்."

"உங்கட அம்மாவைக் கேள்."

கேட்கத் தேவையில்லை. அவனுக்கே தெரிந்துவிட்டது. அவன் வீட்டில் ஓதி ஊதுவார்கள். பக்கத்து வீட்டு நிஷாந்திகளின் அம்மாமார் உப்பும் மிளகாயும் எலுமிச்சங்காயும் சுற்றுவார்கள். வழிதான் வேறு, பயம் ஒன்று.

கண்ணூறு!

கண் பட்டுவிட்டது என்று யாரோ அங்கே கண்ணூறு கழித்திருக்கிறார்கள்.

காரைத் திருப்பி மல்வேர்னில் இருந்த சீனித்தம்பியின் வீட்டுக்கு விட்டான். போக அவனுக்கு மனமே இல்லை.

---

வீடு நிறையச் சனம். அழுது களைத்த பெண்கள். ஜுனைட்டைக் கண்டதும் மற்ற அறைக்கு ஒதுங்கினார்கள்.

சீனித்தம்பியின் மனைவி நாகமணி தையல் மெஷினுக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்தாள். கொக்கின் நெஞ்சுத் துணியைத் தைத்துக் கொடுத்தது அவள்தான். கார்ப்பெற்றில் இன்னமும் சிவப்பு இறகுத் துகள்கள் கிடந்தன. ஒன்று அவளுடைய சேலையில் ஒட்டியிருந்தது.

"அக்கா, நேற்று நீங்க அங்க போனீங்களா?"

"ஓம் தம்பி. சாப்பாடு கொண்டு போனன். புட்டும் மீன் குழம்பும். சாப்பிட்டாரோ தெரியாது."

"வேற என்னத்துக்கும் போனீங்களா?"

"கண்ணூறு கழிக்க." அவள் ஒளிக்கவே இல்லை. "வாறவன் போறவன் எல்லாம் என்ன வடிவு, என்ன வடிவு எண்டு வாயைப் பிளந்தாங்கள். ஞாயிற்றுக்கிழமை ஏணியால விழுந்தார். அடுத்த நாள் கம்பி கையைக் கிழிச்சுப்போட்டுது. நான் பயந்திட்டன்."

"அவர் நம்புவாரா?"

"எங்க நம்புறது? எல்லாத்துக்கும் பகிடி. கண்ணூறுக்குக் கனடா விசா குடுத்தது ஆர், மணி, எண்டு கேப்பார்." அவள் சிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை. "நேற்று மட்டும் ஓமெண்டார். உடுப்போட சேத்துச் சுத்து, முதல்ல பட்டியை மாட்டி விடு, பாரமும் பாக்கவேணும் எண்டார்."

ஜுனைட்டின் பேனா நின்றது.

"பட்டியை மாட்டினது நீங்களா?"

"நான்தான்."

"கழட்டாமல் விட்டுட்டு வந்தீங்களே."

"கழட்ட ஒராள் வருவான் எண்டார். ஆரெண்டு கேட்டன். சொல்லேல்லை. கோவிச்சுக்கொண்டு போன ஒருத்தனைக் கூப்பிட்டிருக்கிறன், கோப்பியோட வருவான் எண்டு சிரிச்சார். அந்தக் கொக்குக்குள்ள நிண்டு சிரிச்சார் தம்பி. அவ்வளவு வடிவு. நானும் கண் வச்சிட்டனோ தெரியாது."

"கற்பூரத்தை எங்க பத்தினீங்க?"

"உள்ளுக்க பத்த வேண்டாம், பசை, வெளியில கொண்டுபோ எண்டார். ஊரில எண்டா முச்சந்தியில வச்சுத்தான் கொளுத்துறது. இஞ்ச ரோட்டில நெருப்பு வச்சா பொலிஸ் பிடிக்குமெண்டு எனக்குப் பயம். பின்வாசல் படியில வச்சுப் பத்தினன்."

"கதவு?"

"பசை மணத்துக்கு ஒரு கல்லை வச்சுத் திறந்து விட்டிருந்தார்."

ஜுனைட்டுக்குப் படம் முழுவதுமாகத் தெரிந்தது. பசையின் ஆவி நிலத்தோடு நிலமாக ஊர்ந்து, திறந்த கதவால் படிக்கு இறங்குகிறது. படியில் ஒரு சின்னச் சுடர். பொலிஸுக்குப் பயந்து அங்கே வைத்த சுடர்.

அவன்தான் அந்தப் பொலிஸ்.

"பிறகு அக்கா?"

"பிறகென்ன. கழிச்சாத் திரும்பிப் பாக்கப்படாதே. நேரே நடந்து வந்து பஸ் எடுத்திட்டன்."

"பின்னால ஒண்டும் கேக்கேல்லையா?"

"அந்தத் தகரப் பீப்பா அடிதான். அதுக்குள்ள அவர் கூப்பிட்டது கேட்டது. மணி... மணி எண்டு. முந்தியும் அப்பிடித்தான். நான் கழிச்சுப்போட்டுப் போகேக்க, என்னைத் திரும்ப வைக்கப் பகிடிக்குக் கூப்பிடுவார். நான் திரும்பேல்லை. திரும்பினா அவருக்குத்தானே கூடாது."

அடுத்த அறையில் ஒரு குழந்தை அழுதது. யாரோ தட்டித் தூங்க வைத்தார்கள்.

"கழிச்சும் தப்பேல்லையே தம்பி. அவ்வளவு பொல்லாத கண்." நாகமணி சேலைத் தலைப்பை வாயில் வைத்தாள். "அன்புராசாதான் செய்தவன் எண்டு சொல்லுகினம். மெய்யே? என்ர கையால சாப்பிட்ட பொடியன். அவனுக்கு எப்பிடி மனம் வந்தது?"

ஜுனைட் எழுந்து போய்விடலாம். விதவை ஒருத்தி தன் புருஷனைக் கண்ணூறு கொண்டுபோனதாக நம்பிக்கொண்டு மிச்ச நாளைக் கழிப்பாள். பாவமில்லை. ஆனால் கொழும்பில் ஒருத்தி பிள்ளையோடு விசாவுக்கு நிற்கிறாள். அவளுடைய புருஷன் செய்யாத கொலைக்கு உள்ளே போவான்.

எதைச் சொன்னாலும் ஒரு வீடு இடியும்.

அவன் யோசித்து முடிவதற்குள் அவளே கேட்டாள்.

"நெருப்பு எங்க தம்பி பிடிச்சது?"

"அக்கா..."

"சொல்லுங்க."

"பின்வாசல்ல."

அவள் அவனுடைய முகத்தைப் பார்த்தபடியே இருந்தாள். கை மட்டும் சேலையில் ஒட்டியிருந்த சிவப்பு இறகைத் தடவியது. தடவித் தடவி நின்றது.

"படியிலயா?"

அவன் தலை குனிந்தான்.

கத்துவாள் என்று நினைத்தான். மயங்குவாள் என்று நினைத்தான். இரண்டும் நடக்கவில்லை.

"அப்ப அவர் பகிடிக்குக் கூப்பிடேல்லை" என்றாள் நாகமணி.

நீண்ட நேரம் கழித்து எழுந்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டுதான் எழ முடிந்தது.

"என்னை அந்தப் பொடியனிட்டக் கொண்டுபோங்க. அவனை விடச் சொல்லோணும்."

---

ஆஸ்பத்திரி நடையில் நாகமணியை நிஷாந்தியிடம் விட்டுவிட்டு ஜுனைட் மட்டும் முதலில் உள்ளே போனான்.

"அக்கா எல்லாம் சொல்லிட்டா."

அன்புராசா தலையணையிலிருந்து எழும்பப் பார்த்தான்.

"ஏன் அண்ணை அவவிட்டப் போனீங்கள்? நான்தான் செய்தன் எண்டு சொன்னனே."

"நீர் பொய் சொல்லத் தெரியாத மனுசன். நேற்று என்ன கண்டனீர்?"

இப்போது அவன் மறைக்கவில்லை.

"சீனியண்ணை முந்தநாள் போன் எடுத்தார். ஒரு வருஷத்துக்குப் பிறகு! கொக்கு வலப்பக்கம் சரியுது, உன்ர கை வேணுமடா, வரேக்க கோப்பி கொண்டு வா எண்டார். மன்னிப்பு ஒண்டும் கேக்கேல்லை. அவ்வளவுதான் அவருக்கு வரும். நான் காரால இறங்கேக்க அக்கா முற்றத்தைத் தாண்டிப் போறா. முதுகுதான் தெரிஞ்சது. படியில தட்டு எரியுது. எனக்கு விளங்கிட்டுது, கண்ணூறு. அடுத்த நிமிசம்... பொங்கிட்டுது."

"அக்காவைக் கூப்பிட்டனீரா?"

"இல்லை. உள்ளுக்குத்தான் ஓடினன். ஒரு கொளுக்கிதான் கழட்டினன் அண்ணை. மற்றது சுட்டுது. கை வழுக்கிட்டுது."

"அப்ப 'மணி' எண்டு கூப்பிட்டது?"

அவன் கண்ணை மூடினான்.

"சீனியண்ணைதான். நான் கிட்டப் போற வரைக்கும் கூப்பிட்டுக்கொண்டுதான் நிண்டார்."

கதவு திறந்தது.

நாகமணி. பின்னால், மறித்துப் பார்த்துத் தோற்றுப்போன நிஷாந்தி.

அவள் கட்டிலருகே வந்தாள். கட்டுப்போட்ட கைகளைப் பார்த்தாள். தொடப் போய், நோகும் என்று கையை எடுத்துக்கொண்டாள்.

"அன்பு, உன்ர கையில இது என்னாலதானே?"

"இல்லை அக்கா."

"என்னை மறைக்க நீ ஜெயிலுக்குப் போறதே? உன்ர பிள்ளை அங்க அப்பா எண்டு போட்டோவைப் பாத்துக்கொண்டிருக்கு."

அவன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பினான்.

"எனக்கு ஒண்டு மட்டும் சொல்லு. நீ அங்க நிண்டனி. நான் போகேக்க பின்னால மணி, மணி எண்டு கேட்டது." அவள் கட்டில் கம்பியைப் பிடித்தாள். "அது ஆரடா?"



அன்புராசா ஜுனைட்டைப் பார்த்தான். பிறகு அவளை நேராகப் பார்த்தான்.

"நான்தான் அக்கா."

"நீயா?"

"ஓம். தூரத்தில உங்களைக் கண்டிட்டுக் கூப்பிட்டன்."

"நீ என்னை ஒருநாளும் அப்பிடிக் கூப்பிட்டதில்லையே."

"அக்கா எண்டு கூப்பிட்டா எந்த அக்காவோ எண்டு போயிடுவீங்கள் எண்டுதான், அண்ணை கூப்பிடுற மாதிரிக் கூப்பிட்டுப் பாத்தன். அண்ணை ஒண்டும் கூப்பிடேல்லை. புகையில உடன மயங்கிட்டார். நான் போகேக்க நித்திரை மாதிரித்தான் நிண்டார்."

அவள் அவனுடைய கண்ணுக்குள் தேடினாள். கனநேரம் தேடினாள். நம்பினாளோ, நம்ப வேண்டும் என்று முடிவு செய்தாளோ, அது அவளுக்கும் கடவுளுக்கும்தான் தெரியும். கட்டில் விளிம்பில் நெற்றியை வைத்து, அன்றைக்கு முதல்தடவையாக வாய்விட்டு அழுதாள். அவன் கட்டுப்போட்ட ஒரு கையைத் தூக்கி அவளுடைய தலைமேல் வைத்தான். நொந்திருக்கும். முகத்தில் காட்டவில்லை.

ஜுனைட் வெளியே வந்து, காவல் நின்ற பொலிஸ்காரனை வீட்டுக்குப் போகச் சொன்னான்.

நிஷாந்தி பின்னாலேயே வந்தாள். மூக்கை உறிஞ்சினாள்.

"விபத்து எண்டு எழுதுறன் சேர். பசை ஆவி, கற்பூரம், திறந்த கதவு. கேஸ் இல்லை."

"எழுது."

"கூப்பிட்டது ஆர் எண்டு எழுத?"

"அவன் சொன்ன மாதிரி எழுது. அன்புராசா எண்டு."

"சேர், அது பொய். உங்களுக்குத் தெரியும்."

ஜுனைட் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். துடைக்க வேண்டியது கண்ணாடி அல்ல.

"சிகரெட் பொய்யில பெயில் விட்ட பொடியன், பிள்ளை. இதில எண்டாலும் பாஸ் பண்ணட்டும்."